கோரலைன் ஆல்கே: பவளப்பாசி அல்ல, சுண்ணாம்புச் செம்பாசி

கடல் இல்லாத வேலூரில் உப்புநீர் மீன்தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் வீடியோ பார்த்தும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளைப் படித்தும்தான் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் கோரலைன் ஆல்கேக்கு 'பவளப்பாசி' என்றே போடுகிறார்கள். போன வாரம் படித்த ஒன்றில் 'பவளத்தின் மேல் வளர்வதால் பவளப்பாசி; பவளம் இல்லாத தொட்டியில் இது வராது' என்று விளக்கமே கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். பாறையிலும் தொட்டிக் கண்ணாடியிலும் கத்தரிப்பூ நிறத்தில், சில சமயம் ரோஜா நிறத்தில், திட்டுத்திட்டாக ஒட்டிப் படர்கிறதே, அதுதான் கோரலைன் ஆல்கே. செம்பாசி இனம். தன் செல் சுவரிலேயே மக்னீசியம் கலந்த சுண்ணாம்பைப் படியவைத்துக் கல்லாக இறுகிக்கொள்ளும். பவளம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பம்ப், பிளாஸ்டிக் குழாய், நத்தை ஓடு என்று எதன் மேலும் ஏறும்.

சொல் பிறந்த கதை சின்னது. பவளத்துக்குக் கிரேக்கத்தில் கொரல்லியோன், லத்தீனில் கொரல்லியம். அதிலிருந்து 'பவளம் போன்றது' என்ற பொருளில் கோரலைனா. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் இந்தப் பேரினத்தைப் பதிவு செய்தபோது விலங்குகளோடுதான் சேர்த்தார். பாறையில் ஒட்டிக் கிடக்கும் வகைகள் தாவரம்தான் என்று ஜெர்மன் இயற்கையியலாளர் ஃபிலிப்பி எடுத்துக்காட்டியது 1837இல். ஆக, பெயரில் இருக்கும் பவளம் பார்வைக்குத் தோன்றிய ஒற்றுமை, அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் வைத்த பேரினப் பெயர்களில் இந்த மயக்கம் இல்லை. லித்தோஃபில்லம் என்றால் கல்லிலை, லித்தோதாம்னியன் என்றால் கற்புதர். தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி பவளப்பாசிக்கு வருவோம். பவளம் தமிழுக்குப் புதிய சொல் இல்லை. பவள வாய், பவளமல்லி என்று நிறத்தைச் சொல்லத்தான் அதை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். 'இந்தப் பாசியும் சிவப்பு வகைதானே, நிறத்தை வைத்துப் பவளப்பாசி என்றால் என்ன தப்பு?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நிறத்துக்காக வைத்தார்கள் என்றால் நான் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் வைத்தவர்கள் யாரும் நிறத்தை நினைக்கவில்லை, படிப்பவர்களும் நினைப்பதில்லை. மீன்தொட்டிப் பேச்சில் பவளம் என்றாலே உயிருள்ள பவளப்பூச்சி கட்டிய கூடுதான் நினைவுக்கு வரும். அந்த இடத்தில் இந்தப் பெயரை வைத்தால் பவளத்தின் ஒரு வகை என்றோ, பவளத்தில் முளைப்பது என்றோதான் எடுத்துக்கொள்வார்கள்.

பாசியிலும் சிக்கல் இருக்கிறது. தமிழில் பாசி என்றால் மணியும்தான். கோட்டைப் பக்கம் பாசிமணி விற்பவரிடம் போய்ப் பவளப்பாசி கேளுங்கள், சிவப்பு மணிச் சரத்தை எடுத்து நீட்டுவார். அவர் செய்வது சரி, அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஏற்கெனவே உயிரோடு ஒரு பொருளில் வழங்கும் சொல்லை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்டுவது எப்படிக் கலைச்சொல்லாக்கம் ஆகும்?

இதில் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல் எடுத்து வருவது குற்றம். 'பவளப்பாசிக் கல்' என்று எழுதி வைத்தால், வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது பாசி ஏறிய சாதாரணக் கல்லா, பவளத்தின் எலும்புக்கூடா என்று எப்படித் தெரியும்? ஒரே ஒரு அடைமொழி இவ்வளவு குழப்பம் பண்ணுகிறது.

பாசி என்பதையே விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. பாசி பசுமையிலிருந்து வந்தது, சிவப்பானதை அப்படிச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாதம். சொல் பிறப்பு அப்படித்தான். ஆனால் நோன்புக் காலத்தில் வேலூரிலும் ஆம்பூரிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கடல்பாசி எதிலிருந்து வருகிறது? செம்பாசிகளிலிருந்துதான். ராமேசுவரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி என்று உருவத்தையும் பயனையும் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள், நிறம் அவர்களுக்குத் தடையாக இல்லை. கடலோடு பழகியவர்கள் விரித்து வைத்த பொருளை அகராதியை வைத்துச் சுருக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் பெயர் சொல்லியாக வேண்டும். கேணிப்பாசி கை பட்டால் விலகும், கையை எடுத்தால் மூடும். அதைத்தான் குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமை சொன்னார். இது கை பட்டால் அசையாது. பிளேடு வைத்துச் சுரண்டினால் கரகரவென்று சத்தம் வரும், செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலைக் காயவைத்து ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு குமிழி விடும். கிளிஞ்சலிலும் அதே வினைதான் நடக்கும். சுண்ணாம்பு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

அதனால்தான் சுண்ணாம்புச் செம்பாசி என்கிறேன். சுண்ணாம்புப் பாசி என்று நிறுத்தினால் ஹலிமீடா போன்ற பச்சை வகைகளும் உள்ளே வந்துவிடும், அவையும் சுண்ணாம்பு சேர்ப்பவை. 'சுண்ணப்பாசி' என்று சுருக்கலாம் என்பார்கள். பழந்தமிழில் சுண்ணம் என்றால் வாசனைப் பொடி, படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? சுண்ணாம்பு என்றால் மயக்கம் இல்லை. வெற்றிலைக்குத் தடவியவர்கள், தோல் பதனிடும் ஷாப்பில் முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியைப் பார்த்தவர்கள், சுண்ணாம்புக்காரத் தெரு வழியாகப் போனவர்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

இந்தப் பெயரே வளர்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறது. தண்ணீரில் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350, காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), இவை ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். வெளிச்சம் மிதமாகப் போதும். வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள நம்மூர் மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. விதைக்குக் கல் தேட வேண்டாம். பாசி நன்றாக ஏறிய நண்பரின் தொட்டியில் சுரண்டிய செதில்களைக் கொண்டுவந்து பம்ப் முன்னால் தூவிவிட்டால் போதும்.

சுண்ணாம்பு என்று பெயர் சொன்னால், குடத்திலும் கெய்சரிலும் வெள்ளையாகப் படியும் நம் போர்த் தண்ணீரை ஊற்றினாலே வளரும் என்று யாராவது நினைக்கலாம். அது கூடாது. அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டும் வேறு உப்புகளும் சேர்ந்து வரும், வழவழ பச்சைப்பாசி முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பைக் கலப்பதுதான் வழி. வெற்றிலைச் சுண்ணாம்பையும் கரைத்து ஊற்றக்கூடாது.

இங்கே இன்னொரு மொழிபெயர்ப்பையும் சொல்லியாக வேண்டும். தொட்டியில் கால்சியம் குறையாமல் இருக்கத் தண்ணீரில் கரைத்து விடுவதற்கென்றே, கால்க்வாசர் என்று கடைகளில் பவுடர் விற்கிறார்கள். ஜெர்மன் சொல். கால்க் என்றால் சுண்ணாம்பு, வாசர் என்றால் தண்ணீர். இதைத் தமிழ் வீடியோக்களில் 'கால்சியம் திரவ ஊட்டச்சத்து' என்கிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் என்று சொல்ல என்ன தடை? ஊட்டச்சத்து என்று கேட்டவர் டானிக் மாதிரி நினைத்து மொத்தமாக ஊற்றுவார். தொட்டியின் பிஎச் எகிறி மீன் செத்துப்போகும். சுண்ணாம்பு நீர் என்று கேட்டவர், அது பொத்துப்போக வைக்கும் பொருள் என்று தெரிந்து, ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுவார்.