ட்ரை ரன்: வெள்ளோட்டமா, தாளோட்டமா?

நிரலாக்க வகுப்பில் ஆசிரியர் 'ட்ரை ரன் போட்டுப் பார்' என்றால், கணினியைத் தொடாதே என்று அர்த்தம். தாளும் பென்சிலும் எடுத்து, கணினி செய்ய வேண்டியதை வரி வரியாக நாமே செய்து பார்ப்பது.

சொல் தீயணைப்புக்காரர்களிடமிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தண்ணீர் பாய்ச்சாமல் அவர்கள் நடத்திய பயிற்சி ஓட்டம் ட்ரை ரன்; பாய்ச்சினால் வெட் ரன். பிறகு எந்த ஒத்திகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் உடனே நினைவுக்கு வருவது வெள்ளோட்டம். புதுத் தேரைச் சாமி ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பது. இந்த 'வெள்' நிறமல்ல, வெறுமை; எழுதாத ஓலை வெள்ளோலை அல்லவா, அதே வெள். அங்கே தண்ணீர் இல்லை, இங்கே சாமி இல்லை. பொருத்தம் என்னவோ அருமைதான். ஆனால் வெள்ளோட்டத்தில் தேர் நிஜமாகவே நகரும். ட்ரை ரன்னில் நிரல் ஓடுவதே இல்லை. ஆகவே வெள்ளோட்டத்தை, வெளியிடும் முன் சிலரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் பீட்டா சோதனைக்கு விட்டுவிடலாம். இதற்குத் 'தாளோட்டம்' என்பதே என் தேர்வு.

சரி, போட்டுப் பார்ப்போம்:

அ = 2
ஆ = 5
அ = ஆ
ஆ = அ

புதிதாகப் படிப்பவர்களில் பலர் இரண்டும் இடம் மாறிவிடும் என்பார்கள். தாளில் அ, ஆ என்று இரண்டு பத்தி போடுங்கள். இன்னும் வராத வரிகளை அடிக்கோலால் மறையுங்கள். மூன்றாம் வரியில் அ-வின் 2-ஐ அடித்துவிட்டு 5 எழுத வேண்டும். நான்காம் வரியில் ஆ-வுக்குப் போவது அ-வில் இப்போது இருக்கும் 5. இரண்டிலும் 5! 'அந்த 2 எங்கே போச்சு?' என்று மாணவரே கேட்பார். அ, ஆ போல மதிப்பை வைத்திருக்கும் பெயர்தான் மாறி; இடம் மாற்றும்போது அந்த 2-ஐப் பத்திரப்படுத்த மூன்றாவது மாறி எதற்கு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சமக்குறி இங்கே சமன்பாடு அல்ல, மதிப்பை எடுத்து வைக்கும் கட்டளை என்பதும் அப்போதே புரிந்துவிடும்.

கணினிக் கல்வி ஆய்வாளர் ரேமண்ட் லிஸ்டரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட, 7 நாட்டு மாணவர்களைப் பற்றிய ஆய்வில், பலருக்குச் சின்ன நிரலைக்கூடத் இப்படி வரி வரியாகத் தடம்பிடித்து விடை சொல்ல வரவில்லை. நிரல் எழுதத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம் இதே வேலையைத் திரையில் படமாகக் காட்டும். முதலில் பென்சில், அப்புறம் அது.

ஒன்று மட்டும்: நூறு முறை சுற்றும் மடக்கை முழுக்கத் தாளோட்டம் விடச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்காதீர்கள். முதல் இரண்டு சுற்று, பிறகு கடைசிச் சுற்று போதும். ஒன்று கூடிப்போகும், ஒன்று குறைந்துபோகும் பிழையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சுற்றில்தான் மாட்டும்.