கோழியின் மூச்சும் கூட்டின் காற்றும்

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குமரி மாவட்டத்து வீடுகளில் கோழிக்கூட்டைச் சுற்றித் தார்ப்பாய் ஏறிவிடுகிறது. சாரல் உள்ளே அடிக்கக் கூடாது என்ற அக்கறைதான். ஆனால் சில நாட்களில், இரவில் கூட்டருகே நின்றால் 'கர்கர்' என்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. காலையில் பார்த்தால் கண்ணோரம் நுரை, மூக்கில் சளி. மழைதான் காரணம் என்கிறோம். மழையைவிடத் தார்ப்பாய்க்கே இதில் பங்கு அதிகம்.

கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இயக்கும் தசை, கிடையாது. அதன் நுரையீரல் விலா எலும்புகளோடு ஒட்டி, ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. காற்றை இழுத்துத் தள்ளுபவை துருத்திபோல் இயங்கும் ஒன்பது காற்றுப்பைகள். உள்ளே வரும் காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சு விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. அடுத்த மூச்சில் முன்பக்கப் பைகளுக்கு நகர்ந்து, அதன் பிறகே வெளியேறுகிறது. இரண்டு மூச்சுகள் உடலுக்குள் பயணம் செய்யும் காற்று அது! நுரையீரலில் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் ஆக்சிஜன் நன்றாக உறிஞ்சப்படுகிறது. பறக்கப் பிறந்த உயிருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது.

இதிலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. காற்றுப்பைகளின் சவ்வு மிக மெல்லியது. இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. கிருமி அங்கே குடியேறிவிட்டால், உடலின் காவல் அணுக்களும் நாம் கொடுக்கும் மருந்தும் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அதனால் வாசலிலேயே தடுப்பதுதான் முக்கியம். அந்தக் காவலைச் செய்பவை மூச்சுக்குழலின் உட்சுவரில் அடர்ந்திருக்கும் நுண்மயிர்கள். ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன.

அந்த நுண்மயிர்களை முடக்குவது அமோனியா. கூட்டின் தரையில் விரித்த படுக்கை ஈரமானால், அதில் வளரும் பாக்டீரியாக்கள் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தைச் சிதைக்கும்போது அந்த வாயு உண்டாகிறது. தார்ப்பாய் மூடிய கூட்டில் அது வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அளவில் தொடர்ந்து இருந்தாலே கண்ணும் மூச்சுப்பாதையும் பாதிக்கப்படுகின்றன. நம் மூக்கு அந்த வாடைக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆகவே விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும், கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் இரவெல்லாம் அவை அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. படுக்கையாக விரிக்க நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் தென்னைநார்க்கழிவு நீரை நன்றாக உறிஞ்சும்; மழைக்காலத்தில் எளிதில் காயாது. அடிக்கடி கிளறி, நனைந்ததை அகற்ற வேண்டும். தார்ப்பாயைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் கட்டி, கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விடலாம்.

காவல் போன பிறகு வருபவை பல. நுரைத்த கண்ணும் வாரக்கணக்கில் நீளும் இழுப்பும் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் வேலை. அதற்குச் செல்சுவரே கிடையாது. எனவே செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் பயன்படாது. முகம் வீங்கி, மூக்குநீர் நாறினால் கொரைசா என்ற பாக்டீரியா நோய் என்று சந்தேகிக்கலாம். இழுப்போடு பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் சேர்ந்தால் இராணிக்கேட், அதாவது வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைக் கொல்லாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காக்கும். அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்து வருவதால், கடையில் கேட்டு மருந்து வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால் அது பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம்; அறுக்கவோ விற்கவோ கூடாது. உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில், ஆலப்புழையில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பறவைக்காய்ச்சல் வந்தது.

நோய்ப்பட்ட கோழியைத் தனியே வைத்து, மற்றவற்றுக்குத் தீனி போட்ட பிறகு கடைசியில் கவனியுங்கள். சந்தையில் வாங்கிய கோழியையும் மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள். மைக்கோபிளாஸ்மா வந்து தேறிய கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கிருமியை நெடுநாள் சுமக்கும், முட்டை வழியே குஞ்சுக்கும் கொடுக்கும். அதன் முட்டையை அடை வைக்க வேண்டாம்.