உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள்

எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தத்தைக் கொண்டு உடம்பின் உள்ளே படமெடுக்கும் ஸ்கான். அதற்கு வருகிறவர்களுக்கு நாங்கள் ஒரு படிவம் கொடுப்போம். அதில் “உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் பலர் யோசிக்காமலே “இல்லை” என்று போட்டுவிடுகிறார்கள். பிளேட் வைத்த ஒப்பரேசனைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பது அவர்கள் நினைப்பு. இத்தனை வருசம் செல் விழுந்த ஊரில் அந்த “இல்லை”யை அப்படியே நம்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இடுப்பு நோவென்று ஒரு அம்மா வந்தார். படிவத்தில் எல்லாமே “இல்லை”. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது முழங்காலுக்குக் கீழே சுருங்கிப்போன ஒரு தழும்பு தெரிந்தது. “இது என்னம்மா?” என்று கேட்டேன். “அது அப்ப செல் பட்டது தம்பி. பீஸ் உள்ளுக்க கிடக்கு, எடுக்கேலாதெண்டு விட்டிட்டினம். அது பழசெல்லோ?” என்றார். எக்ஸ்றேயில் எலும்பை ஒட்டி நகமளவு துண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. காயம் பழசுதான். உள்ளே கிடப்பது உருக்கு. எத்தனை வருசம் போனாலும் அதன் காந்தக் குணம் போகாது.

எல்லாப் பொருளும் காந்தத்துக்கு ஏதோ ஒரு வகையில் அசைந்து கொடுக்கும் என்பதை 1845இல் மைக்கேல் பரடே காட்டினார். தண்ணீர், பொன், ஈயம் எல்லாம் காந்தத்திலிருந்து மிகமிக மெல்லியதாக விலகும். அலுமினியம் அதேபோல மெல்லியதாக இழுபடும். இரும்பின் கதையே வேறு. இரும்புக்குள் சின்னச் சின்னப் பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள அணுக்களெல்லாம் ஒரே திசையில் காந்தமாகி நிற்கும் என்று 1907இல் பியர் வைஸ் விளக்கினார். வெளியிலிருந்து பலமான காந்தப்புலம் வந்தால் நல்லூர்த் தேர்வடத்தைப் பிடித்த கைகள்போல அத்தனை பகுதிகளும் ஒரே பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரு சின்ன இரும்புத் துண்டுக்கும் அவ்வளவு விசை.

யாழ்ப்பாணத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ ரெஸ்லா (ரெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). பரவலாகப் பாவிக்கப்படும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் 1.5 ரெஸ்லா, அதாவது 35 ஆயிரம் மடங்குக்கும் மேல். குகைபோன்ற அதன் வாசலில்தான் புலம் சட்டென்று கூடுகிறது, இழுவையும் அங்கேதான் அதிகம். நீளமான துண்டென்றால் புலத்தின் திசைக்குத் திரும்ப முயலவும் செய்யும்.

கரண்ட் போனால் காந்தமும் போய்விடும் என்று நினைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் நயோபியம்–தைத்தேனியம் கம்பிச்சுருள் திரவ ஈலியத்தில், −269 பாகை செல்சியசில் கிடக்கிறது. அந்தக் குளிரில் அதற்கு மின்தடையே இல்லை. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு உள்ளே போய், இயந்திரத்துக்குள் இழுபட்டு இறந்துபோனார். இயந்திரம் நிறுத்தியிருக்கிறது என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

“இரத்தத்தில இரும்புச்சத்து இருக்கே, அது இழுபடாதோ?” என்று கேட்கிறவர்களும் உண்டு. நல்ல கேள்வி. உடம்பில் மொத்தம் 3, 4 கிராம் இரும்பு இருந்தாலும் அது தனித்தனி அணுக்களாகப் புரதங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. கூட்டமாகச் சேர்ந்து இழுக்க வழியில்லை. ஒட்சிசன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று 1936இல் லைனஸ் போலிங்கும் சார்ல்ஸ் கொரியலும் கண்டுபிடித்தார்கள். மூளை வேலை செய்வதைப் படமாக்கும் இன்றைய எம்.ஆர்.ஐ. முறை அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

உடம்பில் துண்டு இருந்தால் ஸ்கானே எடுக்கமுடியாது என்று பயப்படவும் வேண்டாம். பல வருசமாகத் தசைக்குள் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட பலருக்கு வைத்தியர் பார்த்து அனுமதித்தபின் ஸ்கான் எடுக்கிறோம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குக் கிட்ட இருந்தால்தான் கவலை. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்ததே தெரியாத ஒரு தகட்டுத் தொழிலாளி ஸ்கானுக்குப் பிறகு அந்தக் கண்ணின் பார்வையை இழந்தது 1986இல் பதிவாகியிருக்கிறது. ஆகவே வெல்டிங், கிரைண்டர் வேலை செய்கிற தம்பிமாரும் தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. சரிவராத இடத்தில் சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழியை வைத்தியர் யோசிப்பார்.

வீட்டுக் காந்தத்தைத் தழும்பில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் காந்தத்தின் பலம் தோலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே குறைந்துவிடும். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. உள்ளே கிடக்கும் சன்னம் (துப்பாக்கிக் குண்டு) ஈயமென்றால் இழுபடாது. ஆனால் உறையோ உள்ளீடோ உருக்காக இருக்கும் சன்னங்களும் உண்டு, வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஏலாது.

தழும்பைக் காட்டவே பயந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அந்தப் பயம் இன்னும் சிலரை வாய் திறக்க விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படி, எங்கே காயப்பட்டீர்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை. உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். ஆட்கள் முன்னால் சொல்லக் கூச்சமென்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்கானுக்குத் திகதி எடுக்கும் நாளிலேயே சொல்லிவிட்டால் முன்கூட்டியே எக்ஸ்றே எடுத்து வைத்தியரிடம் காட்டலாம். அன்றைக்கு வந்து சொன்னால் பெரும்பாலும் திகதி தள்ளிப்போகும். பழைய எக்ஸ்றே, கிளினிக் கொப்பி, ஒப்பரேசன் சீட்டு எது வீட்டில் இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள்.