எலியில் இருப்பது கறியில் இல்லை

பூனை எலியைத் தின்பதை ஒருமுறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தலையில் தொடங்கியது. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைவாயில் வைத்து, நறுக் நறுக்கென்று மண்டையோட்டை நொறுக்கியது. அப்புறம் மார்பு, ஈரல், தொடை என்று போய், கடைசியில் தரையில் மிஞ்சியது வாலும் குடலின் ஒரு துண்டும்தான். புதிதாகப் பூனை வாங்கியவர்கள் "பச்சைக் கறி கொடுக்கலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நறுக் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் மனதில் இருப்பது எலும்பில்லாத கறித்துண்டு. அந்தப் பூனை தின்றது ஒரு முழு உடம்பை.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. நாய் அப்படியில்லை, ஓரளவு எதையும் தின்று சமாளித்துவிடும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரவேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடம்பு விட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், பூனையின் உடம்புக்கு அது முடியாது. விட்டமின் ஏ வேண்டுமென்றால் அதை ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் இன்னொரு விலங்கின் உடம்பிலிருந்துதான், முக்கியமாக ஈரலிலிருந்து, எடுக்கவேண்டும். டாரின் என்ற அமினோ அமிலத்தையும் அது போதுமான அளவு தானே செய்துகொள்ளாது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987 வரை, வீட்டுப் பூனைகளின் அந்த இதய நோய்க்குக் காரணம் பெரும்பாலும் உணவில் குறைந்த டாரின்தான் என்பதே யாருக்கும் தெரியவில்லை. அது தெரிந்ததும் தீவனங்களில் டாரினைக் கூட்டினார்கள், நோயும் அரிதாகிவிட்டது.

சரி, இறைச்சிதான் உணவு என்றால் கறியை வெட்டிப் போட்டால் போதாதா? போதாது. கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். பூனையின் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சம அளவில் இருக்கவேண்டும், கால்சியம் சற்றுத் தூக்கலாக இருந்தால் நல்லது. எலும்பு நீக்கிய கறியிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல 15, 20 மடங்கு இருக்கிறது. வெறும் கறி தின்னும் குட்டியின் ரத்தத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே விழித்துக்கொண்டு, கையிருப்பிலிருந்து எடுத்து ரத்தத்தை நிரப்பும். அந்தக் கையிருப்பு எலும்புதான். வெளியே பார்த்தால் குட்டி கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு காகிதம்போல மெலிந்துகொண்டே போகும். சில வாரங்களில் நடை நொண்டும். ஒருநாள் நாற்காலியிலிருந்து குதிக்கும்போது கால் ஒடிந்துவிடும். மனதார அன்பு காட்டி, நல்ல கறியாகப் பார்த்து வாங்கிப் போட்ட வீட்டில் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

ஈரல் நல்லதாயிற்றே என்று தினமும் அதையே போட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். மாதக்கணக்கில் விட்டமின் ஏ மிகுந்தால் கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும், பூனையால் திரும்பித் தன் முதுகை நக்கக்கூட முடியாது. பச்சை மீனிலும் ஒரு சிக்கல் உண்டு: பல மீன்களில் தயமின் என்ற விட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்னும் பூனை தலையைத் தூக்க முடியாமல் மோவாய் நெஞ்சில் படும்படி தொங்கவிடும், பிறகு வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

பச்சை உணவை ஆதரிப்பவர்கள் தவறாமல் சொல்வது பாட்டஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவரின் சோதனை. 1932 முதல் 1942 வரை அவர் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துப் பார்த்தார். பச்சைக் கறி தின்றவை செழித்தன. வேகவைத்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்து, கடைசியில் குட்டியே போடாமல் போயின. ஆனால் பூனைக்கு டாரின் அவசியம் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. டாரின் நீரில் கரைவது. கறியை வேகவைத்துச் சாற்றைக் கொட்டினால் டாரினில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். அந்தப் பூனைகளைத் தோற்கடித்தது நெருப்பைவிட இந்தக் குறைபாடாகத்தான் இருக்கும் என்பது இன்று பலரின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பச்சையா வெந்ததா என்று சண்டை போடுவதற்கு முன்னால், முழுமையான உணவா என்று கேட்கவேண்டும். வேகவைத்த கறியிலும் டாரின், கால்சியம், விட்டமின்களைக் கணக்காகச் சேர்த்தால் பூனை நன்றாக வாழும். பச்சைக் கறியானாலும் சேர்க்காவிட்டால் வாழாது.

பச்சை உணவுக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு, தண்ணீர். கறியில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர். உலர் தீவனத்தில் 10 சதவீதம்கூட வராது. பாலைவனக் காட்டுப்பூனையின் வழிவந்த பிராணி என்பதால் தாகம் மெதுவாகத்தான் எடுக்கும், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் அந்தக் குறையை முழுக்க ஈடுகட்டாது. ஆனால் டின்னில் வரும் ஈர உணவும் இதே நீரைக் கொடுக்கும்.

அடுத்தது கிருமி. ஃப்ரீசரில் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நன்றாக உறைந்தால் டாக்சோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகள் சாகும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் உறங்கும், கறி இளகியதும் எழுந்துகொள்ளும். வைரஸும் உறைநிலையில் தாக்குப்பிடிக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சைக் கறித் தீவனம் தின்ற ஒரு வீட்டுப்பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. வெளியே போகவே போகாத பூனை அது. தீவனத்திலிருந்த வைரஸும் பூனையிடமிருந்த வைரஸும் மரபணு அளவில் பொருந்தின. பூனைக்கு எதுவும் ஆகாவிட்டாலும் அதன் மலத்திலும் வாயிலும் சால்மொனெல்லா இருக்கலாம். அதனால் கர்ப்பிணி, கைக்குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் பச்சை உணவு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

புதிதாக வந்த பூனைக்கு வருவோம். முதல் நாள் அது கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கும். அந்த நேரத்தில் உணவை மாற்றக்கூடாது. பூனையின் ஈரல், உணவு வராத நாளிலும் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொள்ளத் தெரியாதது. பட்டினி நீடித்தால் உடம்புக் கொழுப்பு மொத்தமாக ஈரலுக்கு வந்து குவியும், ஈரல் திணறும். பருத்த பூனைக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியே போதும், உயிருக்கு ஆபத்து. பசித்தால் தானாகத் தின்னும் என்ற வழக்கமான கணக்கு பூனையிடம் செல்லாது. ஒரு முழுநாள் எதுவும் தொடவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம், முன்பு இருந்த இடத்தில் எதைத் தின்றதோ அதையே கொடுங்கள். குட்டியாக இருந்தால், எலும்பு வளர்ந்து முடியும்வரை பச்சை உணவை நினைக்கவே வேண்டாம். வளர்ந்த பூனைக்குப் பச்சை உணவுதான் என்று முடிவெடுத்தால், 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதிய கணக்குப்படி செய்யுங்கள். முதலில் கால் பங்கு, சில நாள் கழித்துப் பாதி என்று, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றலாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற கறியைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பிடித்த எலியில் ஏறக்குறைய 38 டிகிரி சூடு இருக்கும், வாசனை அந்தச் சூட்டில்தான் எழும்பும். கறியை ஒரு பையில் கட்டி வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கட்டிலுக்கடியிலிருந்து முதலில் மூக்கு வரும், அப்புறம் மீசை.