சொல் விளக்கம்: கிரானைட்

கிரானைட் (பெயர்ச்சொல்): 1. உருகிய பாறைக் குழம்பு ஆறி மணிமணியாக இறுகிய தீப்பாறை. 2. வணிக வழக்கில், அறுத்து மெருகேற்றத்தக்க எந்தக் கடினப் பாறையும்.

இத்தாலிய 'கிரானிடோ'விலிருந்து பரவிய சொல். அதற்கு மூலம், தானிய மணியைக் குறிக்கும் 'கிரானும்' என்ற லத்தீன் சொல். புதிதாக உடைத்த கல்லை வெயிலில் திருப்பிப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கும்: கண்ணாடிச் சில்லுபோல் குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே மினுங்கும் காக்காப்பொன் (மைக்கா).

கடலூர்க் கடைகளில் கிரானைட் என்று கேட்டால் சமையல் மேடைக்கான கறுப்புப் பலகையை எடுத்துக் காட்டுவார்கள். முதற்பொருளின்படி அது பெரும்பாலும் கிரானைட்டே அல்ல. திண்டிவனம் பக்கத்துக் குன்னத்தில் வெட்டப்படும் பெயர்பெற்ற கறுப்புக் கல், நிலவியலாளருக்கு டோலரைட் என்ற வேறொரு பாறை. வணிகரைக் குறை சொல்ல முடியாது. சட்டமே அவர் பக்கம் நிற்கிறது. கிரானைட் பாதுகாப்பு, மேம்பாடு பற்றிய 1999ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் டோலரைட், கேப்ரோ, சார்னகைட் போன்ற வேறு பாறைகளையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டன. அறுத்து மெருகேற்ற முடியுமா என்பதே அங்கே உரைகல்.

தமிழில் நிகரான சொல் கருங்கல். நிறத்தை மட்டும் வைத்து இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 'கரு' என்பதற்கு வன்மைப் பொருளும் உண்டு. புறநானூற்றின் 'கருங்கைக் கொல்லன்' வலிய கையுடைய கொல்லன் என்றே உரை பெறுகிறான். சாம்பல் நிறத் தூணையும் நாம் கூசாமல் கருங்கல் தூண் என்பது இதனால்தான் பொருந்துகிறது.

கல்லுக்கு நம் கடலூர், புதுச்சேரிக் கடற்கரை என்றும் மேற்கையே நம்பியிருந்தது. சிதம்பரம் வண்டல் மண் ஊர். கோபுரங்களின் கருங்கல் அடிநிலைகள் வெளியூர்ப் பாறையில் பிறந்தவை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்த தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பழைய கட்டடக் கற்களின் விளிம்பில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் தெரிந்தால் கைவைத்துப் பாருங்கள்: உளியால் குழி எடுத்து, ஆப்பிறக்கி, சம்மட்டியால் அடித்துப் பாறையைப் பிளந்த தடம் அது.

அந்தச் சம்மட்டியைப் பிடித்தவர்களில் போயர் சமூகத்தவர் பலர். குவாரியில் ஜல்லிக்குக் கணக்கு 'யூனிட்', அதாவது 100 கன அடி. உடைத்த அளவுக்குத்தான் கூலி. முன்பணம் வாங்கியவருக்கோ கூலி கடனிலேயே கழிந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் அதோடு ஒழிந்துவிடவில்லை. துளைக் கருவியை இயக்கும் காம்பிரசரும் வைரக் கம்பி ரம்பமும் வந்து கைவேலையைக் குறைத்தன. துளையிடும்போது பறக்கும் நுண்தூசி சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும்.

மெருகேறி ஏற்றுமதியாகும் பாளம் கிரானைட். கிரஷருக்குப் போய் ஜல்லியானால் வெறும் கருங்கல். விலைதான் பெயர் வைக்கிறது!

வீடு, கோயில், தூண், ஜல்லி பற்றி எழுதும்போது கருங்கல் என்றே எழுதலாம். குத்தகை, ஏற்றுமதி, நிலவியல் பற்றிய எழுத்தில் கிரானைட் இருக்கட்டும். அங்கே அதற்கு வரையறுத்த பொருள் உண்டு. சிலர் கிரானைட்டைப் 'பளிங்கு' என்று எழுதுகிறார்கள். அது தவறு, பளிங்கு என்றால் மார்பிள். எலுமிச்சைச் சாறு பட்டால் மார்பிள் அரிக்கும், கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது.