பேண்டு என்னும் பல்லியம்

நெல்லைச் சீமையில் கோயில் கொடைக்கு மேளம்; மாதா கோயில் சப்பரத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பேண்டு. பேண்டு செட், பேண்டு வாத்தியம் என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கூட்டம், குழு என்று பொருள். படையோடு நடந்து ஊதிய குழுவுக்குப் பெயராகி, நம்மிடம் வந்து சேர்ந்தபோது பித்தளைக் குழலும் டிரம்மும் சேர்ந்த வாத்தியக் கூட்டத்தை மட்டுமே குறித்தது. பாளையம் என்றாலே படை தங்கும் இடம். பாளையங்கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தங்கியிருந்த காலமும் உண்டு.

படைவீரர் காலடி ஒன்றுபோல விழ வேண்டும். அதற்கு இரண்டிரண்டாக எண்ணும் தாளம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி, அழுத்தமான தட்டில் இடது கால். இப்படி அமைத்த உருப்படிதான் மார்ச். அதில் பேர்போனவர் அமெரிக்கரான ஜான் பிலிப் சூசா (1854–1932). 1880 முதல் 1892 வரை அந்நாட்டு மரைன் படையின் பேண்டை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட மார்ச்சுகள் எழுதி ‘மார்ச் மன்னர்’ எனப் பெயர் பெற்றார். உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே வாய் விரிந்து நிற்கும் பெரிய குழலுக்கு சூசாபோன் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் சூசா பிறப்பதற்கு முன்பே பேண்டு மெட்டு கர்நாடக சங்கீதத்துக்குள் வந்துவிட்டது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் மனக்குறை. சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் கம்பெனி பேண்டின் மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், செய்தார். ஆங்கிலத்து ‘நோட்’டோடு சுரம் சேர்ந்து அவை நோட்டுஸ்வரம் ஆயின. ஏறக்குறைய 40 உருப்படிகள். எல்லாமே சங்கராபரண ராகத்தின் சுரங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் சேர்க்காமல் நேராகப் பாட வேண்டியவை. ‘சந்ததம் பாஹிமாம்’ என்று பாடினால் காதில் விழுவது இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு! அவர் தம்பி, வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதர், எட்டயபுரம் அரண்மனை வித்துவான். அண்ணன் 1835இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான்; அவர் சமாதி அங்கே இருக்கிறது. இன்று தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் அது பழைய திருநெல்வேலிச் சீமை.

சரி, தமிழில் பேண்டை எப்படிச் சொல்வது? ‘இசைக்குழு’ என்று எழுதுகிறார்கள். அது எனக்கு நிறைவாக இல்லை. மெல்லிசைக் கச்சேரி நடத்துபவர்களும் இசைக்குழுதானே. திருமுருகாற்றுப்படையில் திருச்சீரலைவாயை, அதாவது திருச்செந்தூரை, பாடும் பகுதியில் ‘அந்தரப் பல்லியம் கறங்க’ என்று வருகிறது. இயம் என்றால் வாத்தியம். பல இயம் சேர்ந்தது பல்லியம். அதை அடுத்தே வயிர் என்னும் கொம்பு இசைக்கிறது, வெண்சங்கு ஒலிக்கிறது, இடிபோல முரசு முழங்குகிறது. ஊதுவதும் அடிப்பதும் கூடிய முழக்கம், அதுவும் நம் திருச்செந்தூரில்! பேண்டுக்குப் பல்லியம் என்றே எழுதலாம். போலீஸ் பேண்டைக் காவல் பல்லியம் என்றால் யாருக்கும் புரியும்.

மார்ச்சை வெறுமனே ‘நடை’ என்றால் தாளக் கணக்கில் சொல்லும் திசிர நடை, கண்ட நடையோடு குழம்பும். அணிவகுத்து நடக்க வாசிப்பது என்பதால் ‘அணிநடை’ பொருந்தும். நோட்டுஸ்வரத்தை மட்டும் மாற்ற வேண்டாம். அது தீட்சிதர் உருப்படிகளின் பெயராகவே ஆகிவிட்டது.