சிவக்காத குதிக்கால்

கொழும்பில் ஒரு மருத்துவ வார்டு. பக்கவாதம் வந்து 12 நாளாகப் படுத்தபடி இருந்த ஐயா ஒருவரின் குதிக்காலைப் பார்த்த இரண்டாம் வருடத் தாதிய மாணவி, புண் பராமரிப்பு ஆப் திறந்திருந்த போனை என்னிடம் நீட்டினாள். "மிஸ், முதலாம் நிலைப் படுக்கைப் புண் என்றால் தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாது என்று ஆப்பில் இருக்கு. ஐயாவுக்குச் சிவப்பே இல்லை. அப்போ பிரச்சினை இல்லைதானே?"

திரையில் இருந்தது வெள்ளைக்காரர் ஒருவரின் கால். ஐயாவோ நல்ல கறுப்பு. கையின் பின்பக்கத்தால் இரண்டு குதிக்காலையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கோ என்றேன். வலது பக்கம் சுட்டது, கொஞ்சம் தடித்தும் இருந்தது. "நோகுதா ஐயா?" என்று கேட்டாள். தலையாட்டினார். உடனே கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிக்கால் மெத்தையில் படாதபடி தூக்கி வைத்தோம்.

ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். புண்ணின் அடியில் தெரியும் கறுப்பு செத்த தசை, மஞ்சள் அழுகிய படலம், சிவப்பு புதிதாக வளரும் தசை என்பதை வகுப்பில் ஒருமுறை காட்டினால் மறந்துவிடுகிறார்கள், அதையே பஸ்ஸில் போகும்போது பத்துத் தரம் போனில் பார்த்தால் மனதில் நிற்கிறது. புண்ணைக் காய விட வேண்டும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஈரப்பதம் காத்தால் தோல் வேகமாக மூடும் என்று ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் வின்டர் 1962இலேயே பன்றிகளில் காட்டியதைப் படத்தோடு விளக்கினால் சட்டென்று விளங்குகிறது.

ஆனால் படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலை எடுங்கள். ஆறு விஷயங்களுக்குப் புள்ளி போட்டால் ஆப் கூட்டித் தருகிறது, 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் பொதுவாக ஆபத்து என்று எடுப்போம். அந்த ஆறில் ஒன்று சாப்பாடு. தட்டு வந்ததைப் பார்த்துவிட்டு 'சாப்பாடு போதுமானது' என்று அழுத்துகிறார்கள். தட்டு திரும்பிப் போகும்போது பார்த்தால் சோறு அப்படியே இருக்கும்! சீழ் நாற்றத்தையும் எந்தப் போனும் காட்டாது.

அப்புறம் இந்தப் போட்டோ விஷயம். நோயாளியின் வார்டுக் குறிப்பேடான பெட் ஹெட் டிக்கெட்டில் பெயர் தெளிவாகத் தெரிகிற ஒரு புண் படம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியதை நானே பார்த்து அழிக்கச் சொன்னேன். படிப்புக்குத்தானே என்றார்கள். அந்த அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே பார்க்கிறது. சட்டத்தை விடுங்கள், அது நம் அம்மாவின் இடுப்பாக இருந்தால் விடுவோமா? படம் கட்டாயம் தேவை என்றால் வார்டின் அனுமதியோடும் நோயாளியின் சம்மதத்தோடும், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து, மருந்து கட்டாத இன்னொருவர் எடுக்கட்டும். கையுறை போட்ட கையால் போனைத் தொட்டுவிட்டு அதே கையைப் புண்ணில் வைப்பதை இனியும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது என் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஆப்பில் 'சிவப்பு' என்று வரும் இடங்களிலெல்லாம், பக்கத்துத் தோலை விடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, சூடா, குளிர்ச்சியா, தடிப்பா, நோவா என்று தங்கள் குறிப்புக் கொப்பியில் எழுதிச் சேர்க்க வேண்டும். அந்த மாணவியின் கொப்பியில் முதல் வரி, 'மற்றக் காலையும் தொட்டுப் பார்'.